இனி யாருக்கும் வேண்டாம் என்று சொல்வது யார்?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் எங்கள் ஊர். இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சார்ந்து நடந்த பாடசாலை, மாணவர் விடுதி, மருத்துவமனை ஆகியவற்றின் செலவுக் கணக்கை அதில் வரி வரியாக வெட்டியிருக்கிறார்கள். வீரசோழன் என்று பெயரிட்ட அந்த ஆதுலசாலையில் படுக்கைகள் 15. ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என்று ஆட்களின் பட்டியலும் அவரவருக்கு அளக்க வேண்டிய நெல்லும் அதில் உண்டு.

அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் நிரல் எழுதிப் பிழைக்கிற எனக்கு ஒரு கேள்விதான் வரும். படுக்கை 15தான் என்றால், ‘இது இனி யாருக்கும் வேண்டாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்’ என்று சொல்வது யார்? படுத்திருந்தவரா, கவனித்துக்கொண்ட பெண்களா, கணக்குப் பிள்ளையா? கணினியின் நினைவகமும் இப்படி எண்ணி வைத்த படுக்கைகள்தான். ஒரு நிரல் ஓடும்போது நினைவகத்தில் இடம் கேட்கும், வேலை முடிந்ததும் அந்த இடம் திரும்ப வர வேண்டும். திரும்ப வாங்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு ஒரு நிரல்மொழி என்ன பதில் சொல்கிறதோ, அதிலிருந்தே அந்த மொழியின் மற்ற குணங்களில் பெரும்பகுதி பிறக்கிறது. கடந்த 65 ஆண்டுகளின் மொழி வடிவமைப்பை இந்த ஒரு கேள்வியை வைத்தே படித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

1957இல் வந்த ஃபோர்ட்ரானில் இந்தக் கேள்வியே எழவில்லை. எந்த மாறிக்கு எவ்வளவு இடம் என்பது நிரல் ஓடத் தொடங்கும் முன்பே முடிவாகிவிடும். அல்கால் 60 ஸ்டாக் முறையைக் கொண்டுவந்தது. ஒரு செயல்கூறுக்குள் நுழையும்போது இடம் கிடைக்கும், வெளியே வரும்போது தானாகப் போய்விடும். இரண்டுமே சுத்தமான ஏற்பாடுகள். ஆனால் எத்தனை வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாத பொருள்களுக்கு இவை போதாது. அவற்றுக்கு ஹீப் என்கிற பொதுக்கூடம் வேண்டும். பொதுக்கூடம் வந்தால் கேள்வியும் கூடவே வந்துவிடும்.

1970களில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியின் பதில், ‘எழுதுகிறவன் பொறுப்பு’ என்பது. மேலாக் என்று கேட்டு வாங்கு, ஃப்ரீ என்று சொல்லித் திருப்பிக் கொடு. இந்தப் பதிலின் விலை எனக்குக் கைப்பட்ட கதை. பல ஆண்டுகளுக்கு முன் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்கு பில் போடும் நிரல் ஒன்றை சி மொழியில் எழுதிக் கொடுத்தேன். முகூர்த்த நாள்கள் வந்தன. கல்லாவில் இருந்த பெரியவர் கூப்பிட்டார்: ‘தம்பி, காலைல நல்லாத்தான் ஓடுது. சாயந்திரம் ஆனா படுத்துடுது.’ தேடிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பில் போட ஆரம்பித்து, வாடிக்கையாளர் வேறு புடவை பார்க்கப் போய்விட்டால் அந்த பில்லை ரத்து செய்வார்கள். ரத்து செய்யும் வழியில் நான் ஃப்ரீ எழுதவில்லை. முகூர்த்த நாளில் ரத்துகள் அதிகம். ஒவ்வொரு ரத்தும் ஒரு படுக்கையை யாருக்கும் இல்லாமல் அடைத்து வைத்தது, மாலைக்குள் கூடம் நிறைந்துவிட்டது.

ஃப்ரீயைச் சேர்த்தேன். மறுநாள் அதைவிட மோசமான பிழை வந்தது. ‘கடைசி பில்லை மறுபடி அச்சிடு’ என்று ஒரு பொத்தான் வைத்திருந்தேன். அதற்காகக் கடைசி பில்லின் முகவரியைத் தனியே ஒரு சுட்டியில் வைத்திருந்தேன். பில் ரத்தாகி இடம் திரும்பிப் போனபின்பும் அந்தச் சுட்டி பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அதே இடத்தில் அடுத்த வாடிக்கையாளரின் பில் வந்து உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினால் ஒருவர் பெயரில் இன்னொருவரின் புடவை அச்சாகி வந்தது. முதல் பிழை, எழுந்து போனவரின் படுக்கையைக் காலி என்று அறிவிக்காதது. இரண்டாவது, இன்னும் ஒருவர் பார்க்க வரப்போகிற படுக்கையைக் காலி என்று அறிவித்தது. இரண்டாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் நிரல் நிற்காது, தவறான பதிலோடு தொடர்ந்து ஓடும்.

இது என்னைப் போன்றவர்களின் கவனக்குறைவு மட்டும் இல்லை. தாங்கள் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகப் பிழைகள் என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2019இல் சொன்னார்கள். குரோமியம் உலாவிக் குழு 2020இல் தங்கள் கடுமையான ஓட்டைகளைப் பற்றி ஏறக்குறைய அதே கணக்கைத் தந்தது. அதில் பாதி, திருப்பிக் கொடுத்த இடத்தை மறுபடி தொட்ட பிழைகள், என் பில் நிரலில் இருந்த அதே வகை. உலகின் தேர்ந்த பொறியாளர்கள், எல்லாக் கருவிகளும் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை ஆண்டுகள் கழித்தும் தவறுகிறார்கள் என்றால், கேட்ட கேள்வி மனிதன் கையில் விடத்தக்கதே அல்ல என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை முதலில் உணர்ந்தவர் ஜான் மெக்கார்த்தி. 1958இல் எம்ஐடியில் லிஸ்ப் மொழியைத் தொடங்கியபோது, பட்டியல்களைக் கையாளும் கணித வடிவான நிரல்களுக்கு நடுவே ‘இதை அழி, அதை அழி’ என்று எழுதுவது அவருக்கு அருவருப்பாக இருந்தது. 1960 ஏப்ரலில் வந்த கட்டுரையில் அவர் காட்டிய வழி இது: இடம் தீரும்வரை கவலைப்படாதே. தீர்ந்ததும், நிரல் கையில் வைத்திருக்கிற மாறிகளிலிருந்து தொடங்கு, அங்கிருந்து சுட்டி வழியாகப் போய்ச் சேரக்கூடிய எல்லாவற்றுக்கும் அடையாளம் இடு, அடையாளம் இல்லாததை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள். குப்பை சேகரிப்பு என்று நண்பர்களிடையே அழைத்த இதற்கு, கட்டுரையில் அந்தப் பெயரை எழுதத் துணிவு வரவில்லை என்று பின்னாளில் அவரே அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டார். ஆதுலசாலைக் கணக்கில் சொன்னால், வாசலில் நிற்கும் உறவினர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு உள்ளே போய், யாராவது தேடி வந்திருக்கிற படுக்கைக்கெல்லாம் ஒரு பூ வைத்துவிட்டு வருவது, பூ இல்லாத படுக்கையைக் காலி என்று எடுத்துக்கொள்வது.

இதன் முதல் குறையும் அங்கேயே தெரிந்துவிட்டது. லிஸ்பை வெளியாட்களுக்கு ஐபிஎம் 704 கணினியில் ஓட்டிக் காட்டிய நிகழ்ச்சியில், நடுவே இடம் தீர்ந்து சேகரிப்பான் புறப்பட்டது. தான் அழைக்கப்பட்டதையும் அது சம்பந்தமான புள்ளிவிவரங்களையும் மெதுவான தட்டச்சு இயந்திரத்தில் நீளமாக அச்சிட ஆரம்பித்தது. மீதி நேரம் அதிலேயே போயிற்று.

அதே 1960இன் டிசம்பரில் ஜார்ஜ் காலின்ஸ் வேறு வழி சொன்னார். ஒவ்வொரு பொருளின் மீதும் அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை. ஒருவர் பிடித்தால் ஒன்று கூட்டு, விட்டால் ஒன்று கழி, பூஜ்யமானால் அந்த நொடியே காலி. நீண்ட நிறுத்தம் இல்லை, கணக்கு உடனுக்குடன் நேராகிறது. ஆனால் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால், வெளியே ஒருவரும் தேடாவிட்டாலும் இரண்டின் எண்ணிக்கையும் ஒன்றாகவே நிற்கும். பைதான் இந்த எண்ணிக்கை முறையில்தான் நிற்கிறது. இத்தகைய வளையங்களைத் தேடிப் பிடிக்க 2000இல் வந்த 2.0 பதிப்பில் தனிச் சேகரிப்பான் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது.

இந்த இரு மரபினரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எதிரெதிர் முகாம்களாக வாதாடினார்கள். 2004இல் டேவிட் பேக்கன், பெர்ரி செங், வி.டி. ராஜன் மூவரும் எழுதிய கட்டுரை வாதத்தின் அடித்தளத்தையே மாற்றியது. அடையாளமிடுவது உயிரோடிருப்பதைத் தேடுகிறது, எண்ணுவது செத்ததைத் தேடுகிறது. இரண்டும் ஒரே கணக்கின் இரு புறங்கள், வேகமான எந்தச் சேகரிப்பானும் இரண்டும் கலந்ததாகவே இருக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். இத்துறையில் ஒரே ஒரு கட்டுரை படிக்க நேரம் இருக்கிறது என்பவருக்கு நான் எடுத்துக் கொடுப்பது இதைத்தான்.

நிறுத்தத்தைக் குறைக்க வந்த முக்கிய யோசனை ஒரு எளிய அவதானிப்பிலிருந்து பிறந்தது. பெரும்பாலான பொருள்கள் பிறந்த சில கணத்தில் செத்துவிடுகின்றன. காய்ச்சலோடு வந்தவர் இரண்டு நாளில் எழுந்து போவார், நாள்பட்ட நோயாளிதான் தங்குவார். ஆகவே புதிதாக வந்தவர்களின் கூடத்தை அடிக்கடி பார், பழையவர்களின் கூடத்தை எப்போதாவது பார். லீபர்மனும் ஹியூவிட்டும் 1983இல் இதை முன்வைத்தார்கள். 1984இல் டேவிட் அங்கர் பெர்க்லியில் ஸ்மால்டாக் மொழியில் இதைச் செய்து காட்டினார். இன்று ஜாவா, டாட்நெட், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றின் உள்ளேயும் இந்தத் தலைமுறைப் பிரிவு இருக்கிறது.

மற்றொரு வழி, நிரலை நிறுத்தாமலே சேகரிப்பது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராசர் பாரிவேட்டைக்குப் பழையசீவரம் வந்து, பாலாற்றைக் கடந்து எங்கள் ஊருக்கு எழுந்தருளுவார். அந்த நேரம் பாதையில் ஒரு வண்டியும் நகராது. ஆண்டுக்கு ஒரு நாள் என்பதால் யாருக்கும் குறை இல்லை. நொடிக்கு ஒரு முறை இப்படி நின்றால் ஊர் என்ன ஆகும்? டைக்ஸ்ட்ராவும் லாம்போர்ட்டும் இன்னும் மூவரும் 1978இல் எழுதிய கட்டுரை, ஊர்வலமும் போக்குவரத்தும் ஒரே சாலையில் மோதாமல் போக விதி வகுத்தது. எதை எவ்வளவு அலசியாயிற்று என்று காட்ட, பொருள்களுக்கு வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்று நிறம். நிரல் ஒரு சுட்டியை மாற்றி எழுதும்போதெல்லாம் சேகரிப்பானுக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். இதில் ஒரு விதியை விட்டாலும் உயிருள்ள பொருள் குப்பையாகப் போகும். கோ மொழி 2015இல் தன் நிறுத்தத்தைப் பத்து மில்லிநொடிக்குக் கீழே கொண்டுவந்ததும், ஜாவாவின் இசட்ஜிசி சேகரிப்பான் 2018 முதல் காட்டிவரும் சாதனையும் இந்த மரபின் தொடர்ச்சி.

இவையெல்லாம் இயந்திரத்தின் உள்விவகாரம், மொழியின் வடிவத்துக்கும் இதற்கும் என்ன என்று கேட்கலாம். சம்பந்தம் மிக நெருங்கியது. ஒரு செயல்கூறு இன்னொரு செயல்கூறைத் திருப்பித் தரலாம், அது பிறந்த இடத்தின் மாறிகளைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகலாம் என்ற வசதியைப் பாருங்கள். அந்த மாறிகள் எவ்வளவு காலம் வாழும் என்று எழுதுகிறவருக்கே தெரியாது. யாரோ பின்னால் சுத்தம் செய்வார்கள் என்ற உறுதி இல்லாமல் லிஸ்பிலோ எம்எல் மொழிக் குடும்பத்திலோ இதை இயல்பாக வைத்திருக்க முடியாது. சி மொழியில் இரண்டு நூலகங்களை இணைக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, ‘இந்தப் பொருளை யார் அழிப்பது, நானா நீயா’ என்பது. தானியங்கி முறையில் அந்தக் கேள்வி மறைகிறது, அதனால்தான் ஒருவர் எழுதியதை இன்னொருவர் தயங்காமல் எடுத்துப் பயன்படுத்த முடிகிறது.

இழப்பும் உண்டு. நினைவகத்தைச் சேகரிப்பான் பார்த்துக்கொள்ளும் என்றதும், கோப்பை மூடுவதையும் அதனிடமே விடலாம் என்று ஜாவா நினைத்தது. எப்போது வரும், வருமா என்றே தெரியாத ஒருவரிடம் கதவைப் பூட்டும் வேலையைக் கொடுத்தது போல ஆயிற்று. 2017இல் வந்த ஜாவா 9, ஃபைனலைஸ் என்ற அந்த வசதியைக் கைவிடத்தக்கது என்று அறிவித்தது. சி ஷார்ப்பின் யூசிங், பைதானின் வித், கோ மொழியின் டிஃபர் எல்லாம் இந்த ஓட்டையை அடைக்க வந்த சொற்கள்.

இரண்டாவது இழப்பு இடம். ஹெர்ட்ஸும் பெர்கரும் 2005இல் அளந்து பார்த்தார்கள். தேவைப்படுவதைப் போல ஐந்து மடங்கு நினைவகம் இருந்தால் தானியங்கி முறை கைமுறைக்கு ஈடுகொடுக்கிறது, மூன்று மடங்கில் சராசரியாக 17 சதவீதம் பின்தங்குகிறது, இரண்டு மடங்கில் 70 சதவீதம். நினைவகம் நிறையும் நிலைக்கு நெருங்கினால் நேரமெல்லாம் சேகரிப்பிலேயே போய்விடும் என்று மெக்கார்த்தி 1960இலேயே எச்சரித்திருந்தார். இந்த விலையை நிரல் எழுதுகிறவர் கொடுப்பதில்லை. இரண்டு ஜிபி போனில் ரேஷன் விவரம் பார்க்கிறவர்தான் கொடுக்கிறார். இதைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும். ஆப்பிள் 2007இல் ஆப்ஜெக்டிவ்-சிக்குக் கொடுத்த சேகரிப்பானை விட்டுவிட்டு, 2011இல் எண்ணிக்கை முறையை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் போனதும், ஸ்விஃப்ட் அதையே ஏற்றதும், போனின் சிறிய நினைவகத்தை மனதில் வைத்துத்தான் புரியும். டிஸ்கார்ட் நிறுவனம் தன் சேவை ஒன்றை கோ மொழியிலிருந்து ரஸ்ட் மொழிக்கு மாற்றிய காரணத்தை 2020இல் எழுதியபோது சொன்னதும் இதே இனத்துச் சங்கடம். குப்பை குறைவாக இருந்தாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சேகரிப்பான் எழுந்து நினைவகத்தில் தேக்கி வைத்திருந்த தரவு முழுவதையும் அலசியது, ஒவ்வொரு முறையும் சேவை திணறியது.

ரஸ்ட் சொல்லும் பதில் மூன்றாவது. மனிதனும் இல்லை, ஓடும்போது வரும் சேகரிப்பானும் இல்லை, கம்பைலர். 2015இல் முதல் நிலையான பதிப்பு வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே உரிமையாளர். மற்றவர்கள் இரவல் வாங்கலாம், ஆனால் உரிமையாளர் போனபின் இரவல் செல்லாது. இந்த விதி மீறப்படவில்லை என்று நிரல் ஓடும் முன்பே நிரூபிக்க வேண்டும். என் பில் நிரலை ரஸ்டில் எழுதியிருந்தால், ரத்தான பில்லைக் கடைசி பில் சுட்டி இன்னும் பிடித்திருக்கிறது என்று கம்பைலரே மறுத்திருக்கும். ஜாவாவில் எழுதியிருந்தால் அந்தச் சுட்டிக்காகவே ரத்தான பில் உயிரோடு இருந்திருக்கும். பழைய பில் அச்சாகியிருக்கும், இன்னொருவர் புடவை வந்திருக்காது. மூன்று மொழி, மூன்று விளைவு. ரஸ்டின் விலை, எழுதுகிறவர் படும் பாடு. வளையமாகச் சுட்டிக்கொள்ளும் தரவு அமைப்பை அதில் எழுதிப் பார்த்தவருக்கு அது தெரியும்.

இந்த ஆய்வின் உயிரான ஒரு பகுதி நம் சென்னையிலேயே நடக்கிறது. சென்னை ஐஐடியில் உருவான சக்தி செயலியை அடிப்படையாகக் கொண்டு, சி மொழியின் சுட்டிப் பிழைகளை வன்பொருளிலேயே பிடிக்கும் சக்தி-எம்எஸ் என்ற வடிவத்தை 2019இல் அங்குள்ளவர்கள் வெளியிட்டார்கள். அதே வளாகத்தின் கணினித் துறைப் பேராசிரியர் கே.சி. சிவராமகிருஷ்ணன் முன்னின்று நடத்திய வேலை எதிர்த்திசையிலிருந்து வருவது. பிரான்சின் இன்ரியாவில் 1996இல் உருப்பெற்ற ஓகாமல் மொழிக்கு நல்ல சேகரிப்பான் இருந்தது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு செயலி மையத்தில் மட்டுமே ஓகாமல் நிரல் ஓட முடியும். பல மையங்களில் ஓட வைப்பதென்றால் சேகரிப்பானையே புதிதாகக் கட்ட வேண்டும். கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டோலன், லியோ வொயிட் போன்றவர்களோடு தொடங்கிய அந்த வேலை சென்னையிலும் வளர்ந்தது. 2020இல் ஐசிஎஃப்பி என்ற நிரல்மொழி ஆய்வு மாநாட்டில் வந்த அவர்கள் கட்டுரை, மொழி வடிவமைப்பு என்றால் என்ன என்று கற்க விரும்பும் யாருக்கும் பாடம்.

எங்கள் பக்கத்துத் தறிகளில் ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதை அறுத்து எறிய மாட்டார்கள். பழைய பாவின் நுனியில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பார்கள். அப்படிச் செய்தால் விழுதிலும் அச்சிலும் ஆயிரக்கணக்கான இழைகளை மறுபடி கோக்க வேண்டாம். ஓகாமல் குழு செய்ததும் பிணைக்கிற வேலைதான். ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்களும், சி மொழியோடு ஓகாமலைச் சேர்த்த நூலகங்களும் மாறாமல் ஓட வேண்டும். இளைய பொருள்களைச் சேகரிக்க அவர்கள் இரண்டு வடிவங்களைக் கட்டினார்கள். ஒன்றில் ஒவ்வொரு மையமும் தன் கூடத்தைத் தானே, மற்றவரை நிறுத்தாமல் சுத்தம் செய்யும். மற்றொன்றில் எல்லா மையங்களும் ஒரு கணம் சேர்ந்து நின்று சேர்ந்தே சுத்தம் செய்யும். முதலாவது அழகானது. ஆனால் ஒரு பொருளைப் படிக்கும் இடத்திலெல்லாம் சோதனை தேவைப்பட்டது, அதனால் பழைய சி நூலகங்களை மாற்றி எழுத வேண்டிவரும். இரண்டாவது பழைய நிரல்களை உடைக்கவில்லை, அளந்து பார்த்தபோது வேகத்திலும் குறையவில்லை. அதையே தேர்ந்தார்கள். 2022 ஜனவரியில் மூல நிரலில் சேர்ந்து, அதே ஆண்டு டிசம்பரில் ஓகாமல் 5.0 வெளிவந்தது. பழைய சேகரிப்பானில் இருந்த நினைவகத்தை நெருக்கி அடுக்கும் வசதி விடுபட்டுப்போய், 2024இல் 5.2 பதிப்பில்தான் திரும்பியது. பிணைத்த பாவில் சில இழைகள் பிந்தி வந்து சேர்வது இயல்பு.

இப்போது முகாம்கள் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. ஓகாமலைப் பெரிதும் பயன்படுத்தும் ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், சேகரிப்பானை வைத்துக்கொண்டே, விரும்பும் இடத்தில் ரஸ்ட் போன்ற உரிமைக் கட்டுப்பாடுகளைச் சேர்க்கும் வழியை 2024இல் வெளியிட்டார்கள். எண்ணிக்கை முறையில் நிற்கும் பைதான், பல மையங்கள் ஒரே எண்ணைத் திருத்தும் சிக்கலால் ஒரு நேரத்தில் ஒரு மையத்தில் மட்டுமே ஓட விடும் ஒற்றைப் பூட்டுக்குள் பல பத்தாண்டுகள் இருந்தது. சாம் கிராஸ் எழுதிய முன்மொழிவை ஏற்று, 2024 அக்டோபரில் வந்த 3.13இல் பூட்டில்லாத பதிப்பைச் சோதனையாகத் தந்தார்கள். 1960இல் காலின்ஸ் ஒரு பொருளின் மேல் ஒட்டிய ஓர் எண், 64 ஆண்டுகள் கழித்து ஒரு மொழி முழுவதையும் மறுபடி பிரித்துக் கட்ட வைக்கிறது.

நம் அரசுப் பாடநூலில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர் சி++ படிக்கிறார், பன்னிரண்டில் பைதான். ஓராண்டுக்குள் நான் மேலே சொன்ன முழுத் தொலைவையும் அவர் கடந்துவிடுகிறார். அப்பா தறியில் உட்கார, வீட்டில் முதலாவதாகக் கணினி தொட்ட பிள்ளைகள் எழுதிய நிரல் முதல் நாளே ஓடுகிறது என்றால், அதில் மெக்கார்த்தியின் பங்கு பெரியது. மேலாக்கும் ஃப்ரீயும் வாசலில் நின்றிருந்தால் பாதிப் பேர் திரும்பிப் போயிருப்பார்கள். ஆனால் அந்த வசதி எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் விலை தருகிறார்கள் என்பதை அவர்களுக்குத் தமிழில் சொல்ல ஓரிரு வரி போதாது, ஒரு முழுப் பாடம் வேண்டும்.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில், தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் மொழி. அது பைதானின் மேல் கட்டப்பட்டது, ஆகவே நினைவகக் கேள்விக்கு பைதானின் பதிலையே தன் பதிலாக எடுத்துக்கொண்டது. கற்பிக்க வந்த மொழிக்கு அது சரியான முடிவு. அடுத்ததாகத் தமிழில் சொந்தக் காலில் நிற்கும் மொழி ஒன்றைக் கட்டப்போகிறவர் முதல் வாரமே இந்தக் கேள்விக்கு விடை தேடி உட்கார வேண்டியிருக்கும். நான் கட்டினால் தலைமுறை பிரித்த சேகரிப்பான் ஒன்றை எல்லாருக்கும் பொதுவாக வைப்பேன். கோப்பு, அச்சு இயந்திரம் போன்றவற்றை மூடும் இடத்தை எழுதுகிறவரே சொல்லாமல் நிரல் ஓடாதபடி செய்வேன். வேகம் வேண்டுகிறவருக்கு மட்டும் உரிமை விதிகளைத் தனிக் கதவாக வைப்பேன். மொழி ஓடத் தொடங்கியதும் அதில் முதலில் எழுதிப் பார்ப்பது அந்த பில் நிரலைத்தான். ஒரு பில் போட்டு, ரத்து செய்து, இன்னொரு பில் போட்டு, ‘கடைசி பில்லை மறுபடி அச்சிடு’ பொத்தானை அழுத்திப் பார்ப்பேன்.